இருபது கிலோ

மனிசன் செதுக்கிய வில்லை
இரவில் இருந்து சுரண்டினேன்,
சாராயப் போத்தல் உடைசலால்
விண்ணாங்கின் வயிற்றுப் பக்கம்
சுருள் சுருளாக.
அவர் வைத்தது முப்பது கிலோ இழுவை.
டைனமைற் அவர் பெருவிரலைக் கொண்டுபோன பிறகு
அது வெறும் தடி.
என் தோளுக்குள்ளே எடுக்காத துண்டொன்று கிடக்கிறது.
இருபதுக்கு மேலே இழுத்தால்
அது எழும்பி உட்காரும்.

வில்லை வளையில் கட்டி
நாணில் நெல்லுப் பையைத் தொங்கவிட்டேன்.
பத்து. பதினைந்து. இருபது.
அம்பின் நீளத்துக்கு நாண் இறங்கிற்று.
காணும்.
"இது மானைக் கொல்லுமா, காகம் கலைக்கவா?"
பாயிலிருந்து குரல்.
முழித்துத்தான் கிடந்திருக்கிறார்.

துவக்கெல்லாம் வாங்கிக்கொண்டு போன ஊர்.
ஒரு வெடி கேட்டால்
மூன்று பக்கத்தாலும் ஆள் வரும்.
தங்கூசி முறுக்கிய நாணுக்கு
பூனைத் தும்மல் அளவுதான் சத்தம்.

வலுக்குறைந்த வில்லுக்கு ஒரே சட்டம்: கிட்டப் போ.
முப்பது கிலோ தள்ளி நின்று யோசிக்க விடும்.
இருபது,
மானின் இமைமயிர் தெரியுமட்டும்
தவழச் சொல்லும்.

குடும்பிமலைக்குக் கிழக்கே வீரைப்பழம் உதிர்கிற மாதம்.
மந்திகள் தின்றதிலும் சிந்தியது கூட.
சிந்தியதைப் பொறுக்க மான் வரும்.
கச்சான் மேற்கிலிருந்து அடிக்க
மரத்துக்குக் கிழக்கே, கூழாப் பற்றைக்குள்
விடியமுன்னமே இருந்துவிட்டேன்.
முசுறொன்று கழுத்தில் ஏறி
காதுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கியது.

பதினாலு எட்டில் கிடாமான்.
கொம்பில் இன்னும் மயிர்த்தோல்.
குனிந்து, முன்கால் ஒன்றை
முன்னே வைத்தது.
தோளுக்குப் பின்னே நாலு விரல் அகலம் திறந்தது.
விட்டது நினைவில்லை.
மந்திகள் கத்தின.
மறுகா காற்று மட்டும்.

ஒரு வெற்றிலை போடும் நேரம் பொறுத்தேன்.
சருகில் நுரைத்த இரத்தம், இளஞ்சிவப்பு.
சுவாசப்பை. தூரம் போகாது.
போகவுமில்லை.
நூற்றிருபது எட்டில் சிவப்புத் தடி,
அடுத்தது சிவப்புத் தடி,
மண்டையோட்டுப் பலகை,
மூன்று மொழியில் ஒரே சொல்.
அதற்கு அந்தப் பக்கம்
இன்னுமொரு பதினாலு எட்டில் என் மான்
பக்கம் சாய்ந்து கிடந்தது.
பின்னங்கால் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எட்டுக் கிலோ போதும் அக்கா வெடிக்க,"
பள்ளிக்கூடத்தில் படம் காட்டிய பிள்ளை சொன்னாள்.
என் வில்லில் பாதிகூட இல்லை.
மான் எத்தனை கிலோ?
நாலு காலுக்குப் பிரித்தால்?
குளம்படி பார்த்துக் கால் வைத்தால்?
வயிறு போ என்றது.
செருப்பைக்கூடக் கழற்றினேன்.
கால் அசையவில்லை.
அதற்கு நான் நன்றி சொல்லவுமில்லை.

பொழுது சாய நரிகள் வந்தன,
வகுப்புக்குப் போகாதவை.
கல்லெடுத்து ஓங்கி
கையை மடக்கிக்கொண்டேன்:
கல்லும் எங்கேயோ விழத்தானே வேண்டும்.

"என்ன கா, கைவீசிக்கொண்டு வாறாய்?"
"தப்பிற்று."
மூன்று அம்பை முகட்டில் செருகினேன்.
அவர் எண்ணினார். கேட்கவில்லை.

மாசியில், மிதிவெடி எடுக்கிற பொடியன் புலேந்திரன்
தேத்தண்ணிக்கு வந்திருந்தான்.
மெசின் கத்தியதாம்.
நெஞ்சு மண்ணில் பட, கவிழ்ந்து கிடந்து
விரலளவு விரலளவாய்ச் சுரண்டி
தூரிகையால் துடைத்து
ஒன்றரை மணித்தியாலம்,
மூக்குக்கு நேரே வைத்து எடுத்தானாம்.
கடதாசியை விரித்தான்.
லொறியின் வில்லுத் தகட்டில் அடித்த முனை.
"சுத்தி எலும்பு கிடந்தது. ஆர்ட இது அக்கா?"

உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன்.
துருவுக்குக் கீழே கூர் மழுங்கவில்லை.
எவ்வளவு கிட்டப் போயிருக்கிறான்.

"தெரியாது தம்பி," என்றேன்.
"சீனி காணுமா?"