தொண்ணூறு செக்கன்

ஆறைக் காட்டவேண்டும், நாலை இறக்கவேண்டும்.
எதிரே இருப்பவளுக்கும் அதுதான்.
தெரிவுசெய்யத் தொண்ணூறு செக்கன்.

மத்திய வீதியில் கண்ணாடிக் கடைக்கு மேலே
கணினி வகுப்பு. மூன்று காற்றாடியில் இரண்டு சுற்றுகின்றன.
எனக்கு முப்பத்தொரு வயது.
மா ஆலையில் இரவு வேலை முடித்துப்
புருவத்தில் மாவோடு இறுதியாட்டத்துக்கு வந்திருக்கிறேன்.
அவளுக்குப் பன்னிரண்டு.
கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து மாமாவின் ஆட்டோவில் வந்தவள்.
பெயர் சிமாறா.
கதிரையில் இருந்தால் சப்பாத்து நிலத்தைத் தொடவில்லை.

எண்பத்து நான்கு.

வெடிநரியைக் கண்டால் எல்லாரும் கேட்பது
எவ்வளவு அடிக்கும் என்று.
அடி யாருக்கும் இருக்கும்.
நான் பார்ப்பது, களத்தில் கால் வைத்த கணத்தில்
யாரும் கேளாமல் நடக்கிற அந்த ஒன்றை.
குமிழன் வந்தால் மழை வரும்.
முட்டன் முறைத்தால் எதிராளிக்குக் கை தளரும்.
உப்புக்கொக்கைத் தொட்டவனுக்குத் தொட்ட இடம் எரியும்.
செத்தல் என்றொன்று, பார்த்தால் காய்ந்த மிளகாய்,
உயிர் முழுதாய் இருக்கையில்
எந்தப் பேரடியிலும் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.
ஒரு புள்ளி போதும், திருப்பி அடிக்க.

(ஆட்டத்தில் இவற்றுக்கு வேறு பெயர்கள்.
இவை நானும் பிரணவரூபனும் பாலையூற்றில்
கரண்ட் போன இரவொன்றில் வைத்தவை.)

பிரணவன் பின்னால் நிற்கிறான்.
வாய் திறக்கக்கூடாது, விதி.
இருமுகிறான். இருமலுக்கு விதி எழுதப்படவில்லை.

ஐம்பத்தொன்பது.

அவளுடைய ஐந்து எனக்குத் தெரிந்த முகங்கள்.
ஆறாவது கச்சேரி.
ஓடு சுமந்து ஊரும் பிராணி.
போன காரியம் அன்றைக்கே முடியாது என்பதால் அந்தப் பெயர்.
இறுதியாட்டத்துக்கு யாரும் கொண்டுவருவதில்லை.

அதற்கு இரண்டு குணம் எழுதியிருக்கிறது,
பிறக்கும்போது ஒன்றுதான் வாய்க்கும்.
ஒன்று, இறங்கியவுடன் மோப்பம் பிடித்து
எதிராளியின் மடியிலுள்ள பொருளைத் திரையில் எழுதிக்காட்டும்.
மற்றது, அதன் அடி
அடிபடுகிறவரின் குணத்தைக் கண்டுகொள்ளாது.
எழுத்தும் வராது, சத்தமும் வராது.
இந்த இரண்டாவதை வளர்க்கிற ஒருவரையும் நான் கண்டதில்லை.

முப்பத்து மூன்று.
யன்னலுக்குக் கீழே பஸ் நிலையத்து மான்.
அதன் குணம்: ஹோர்ன் பலிக்காது.
மூதூர் பஸ்ஸை மறித்துக்கொண்டு
வாழைப்பழத் தோலை நிதானமாய் மெல்கிறது.

பதினொன்று.
குமிழன், கொக்கு, நரி.
கடைசியில் செத்தல்.

ஆட்டத்தை முழுக்கச் சொல்லமாட்டேன்.
மழை பெய்தது, நரி விழுந்தது,
கொக்கைத் தொட்டு அவளுடைய இரண்டு எரிந்தன.
முடிவில் என் பக்கம் செத்தல், உயிர் முழுதாக.
அவள் கச்சேரியை இறக்கினாள்.

நான் விரலை அழுத்திவிட்டேன்.
அழுத்திய பிறகுதான் பார்த்தேன்:
எழுத்து வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை.

வராத சத்தத்தைக் கேட்கத் தெரிந்த ஊர் இது.
விடியப்புறம் வள்ளம் திரும்பும் நேரத்துக்கு
எஞ்சின் சத்தம் வராவிட்டால்
கரையில் தேத்தண்ணிக் கோப்பைகள் அப்படியே நிற்கும்.
எனக்கும் கேட்டது.
அரைச் செக்கன் பிந்தி.

ஒரு புள்ளி மிஞ்சவில்லை.

சிமாறா சிரிக்கவில்லை.
பரிசாய்க் கிடைத்த பவர் பாங்கின் பெட்டியை நகத்தால் கீறியபடி சொன்னாள்:
"அண்ணா, செத்த மாதிரி இருக்கிற அந்தச் சிவப்பு ஆள்,
காலையில இருந்து மூண்டு ஆட்டம்,
ஒருக்காலும் நீங்க அதை முதல்ல இறக்கல்ல.
அப்பவே விளங்கிட்டு
அதுக்கு என்ன குணமெண்டு."

பிரணவனின் இருமல் நின்றிருந்தது.
கீழே இறங்கும்போது படிக்கட்டின் வாயை மான் மறித்து நின்றது.
ஆட்டோக்காரர் ஹோர்ன் அடித்துப் பார்த்தார்.
அவள் நடந்து போய்
அதன் கழுத்தில் கை வைத்துத் தள்ளினாள்.
விலகியது.