பதினான்காம் பக்கம்

ஷார்ஜா தொழிற்பேட்டையில் அச்சகத்தின் மாடி.
ஏ.சி. சொட்டும் வாளிக்குப் பக்கத்தில் என் மேசை.
ஏழு வயதுக்காரர்களுக்கு ஓர் உண்மைப் புத்தகம்:
பாலைக்கு முதலில் வந்த மோட்டார் கார்கள்.

பதினான்காம் பக்கத்தில் காரை வரைந்தேன்,
முன்னால் தண்ணீர்த் தோல்பை,
கூரைமேல் இரண்டு பலகை,
கீழே, கைப்பழக்கத்தில், ஒரு சாலை.
மௌஸா பென்சிலால் வட்டமிட்டாள்:
"அப்போது இது இல்லை."

அழித்தேன்.
கார் மிதந்தது.
சக்கரங்களைப் பாதி புதைத்தேன்.
டயரில் காற்றை இறக்கினால் மணலில் போகலாம் என்று
ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி.
"ஒண்ணுக்கு எங்க போனாங்க?"
போன வாரம் மாதிரிப் பக்கம் பார்த்த பொடியன் கேட்டது.
அதற்கும் ஒரு பெட்டி.

ஆதாரத்துக்கு வைத்த புகைப்படத்தில்
கார்க்காரருக்குப் பெயர் உண்டு,
காருக்கே பெயர் உண்டு.
பின்சக்கரத்தருகே மண்டியிட்டு
மணல் வாருகிறவன்
விளிம்பில் பாதி வெட்டுப்பட்டிருக்கிறான்.
ஒரு பெயர் வைக்கட்டுமா என்றேன்.
"உண்மைப் புத்தகம்," என்றாள் மௌஸா.
சரிதான்.

மீதிப் பாதி உடம்புக்காக
கீழே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஜெய்லானியைக் கூப்பிட்டு
காகிதக் கட்டருகே மண்டியிட வைத்தேன்.
தோள் எங்கே இறங்குகிறது,
முழங்கை எப்படி மடிகிறது என்று
பார்த்துப் பார்த்துப் போட்டேன்.
கால் மரத்துவிட்டது அவனுக்கு.
"எவ்வளவு நேரம்தான் அள்ளுறது?
வண்டி கெளம்பிச்சா இல்லையா?"

இன்னும் வண்ணம் தீட்டவில்லை.