ஒன்பதாம் அறைப் பியானோ

பதினெட்டு வருடமாக
ஹாலே நகரத்து இசைப் பல்கலைக்கழகத்தில்
பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவன் நான்.
நாற்பத்தொரு பியானோ. ஒரே சாவி.

செவிப்பயிற்சித் தேர்வில்
ஷிலான் பாடிய ஒரு ஸ்வரத்தின்மேல்
சிவப்புக் கோடு.
'சற்றே தாழ்வு' என்று எழுதியிருந்தார்கள்.

தாழ்வில்லை.
வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவே
அவளுடைய கமிஷ்லியில்
அதற்குக் குடியிருக்க வீடுண்டு.
இங்கே அந்த இடத்தில்
மயிரிழைச் சந்து,
கொஞ்சம் தூசு.

செவ்வாய் இரவு ஒன்பதாம் அறையில்
ஒரே ஒரு கட்டையின் மூன்று தந்திகளை
நூலளவு தளர்த்தினேன்.
யாரும் கேட்கவில்லை, அவள்கூட.

புதன்கிழமை நான்கு புகார்.
பியானோ கெட்டுவிட்டதாம்.
'பார்க்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டேன்.

வியாழன் மாலை சாவியோடு போனால்
உள்ளே ஷிலானின் குரல்,
அந்தக் கட்டை,
கூடவே யாரோ செல்லோவில்
விரலை நகர்த்தி நகர்த்தித் தேடுகிறார்கள்.
தப்புகிறது. சிரிப்பு.
மறுபடி தப்புகிறது.

கருவிப்பெட்டியைக் கதவோரம் வைத்து
அதன்மேல் உட்கார்ந்தேன்.
புகார்ச் சீட்டின் பின்பக்கம்
செல்லோ கிட்டே வரும்போதெல்லாம்
பென்சிலால் ஒரு கோடு.