மாலை ஐந்திலிருந்து பத்து வரை

வாயிலில் ஒரு சீட்டு நீட்டுவார்கள்.
‘தப்பி ஓட மாட்டேன்’ என்று அச்சடித்திருக்கும்.
கையெழுத்துப் போட்டால்
சைக்கிள் கிடைக்கும்.

திசை சொன்னவன் நான்தான்.
மேகத்துக்குள் பதினொரு பாகை பிசகி,
எரிபொருள் வற்றி,
சதுப்பில் வயிறு தேய இறங்கிக்
கதவைத் திறந்தால் ஒரு பசு.
அதன் பின்னால் கவைக்கோலோடு ஒருத்தி:
“இது அயர்லாந்து ஐயா,
இங்கே சண்டை இல்லையே.”

ஹார்கிரேவ் அன்று விழுந்து விழுந்து சிரித்தான்.
ஏப்ரலில் அவன் தம்பியின் விமானம் திரும்பவில்லை.
அதிலிருந்து
என் முகம் பார்த்து அவன் உப்புக்கூடக் கேட்பதில்லை.

இன்று குவின்லன் கடையில்
பூட்ஸுக்கு அடித்தோல் மாற்றக் காத்திருந்தேன்.
பக்கத்துப் பெஞ்சில்
வேலிக்கு அந்தப்புறத்து ஜெர்மன்காரன்.
காலுறை ஓட்டையில் கட்டைவிரல்.
நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு
காலை மடக்கிக்கொண்டான்.

எந்த ஊர் என்று கேட்க வாய் வந்தது.
அவன் நாட்டு ஊர்களை
நான் எண்களாகத்தான் அறிவேன்:
இத்தனை பாகை, இத்தனை நிமிடம்.
அவன் பெயரைச் சொல்லிவிட்டால்?
ஆணி அடிக்கும் சத்தத்தைக்
கேட்டுக்கொண்டிருந்தோம்.

பத்தாக இன்னும் இருபது நிமிடம்.
எதிர்க்காற்று, புதுத் தோல் கடிக்கிறது.
சிறைக்கு நேரமாகிவிடுமே என்று
எழுந்து நின்று மிதிக்கிறேன்.