பூஜ்யம் கிலோவாட்

பணகுடிக்குத் தெற்கே எங்கள் கம்பெனிக் காற்றாடி
நூற்றுப் பதினாறு.
ஒன்றுகூட நிற்கவில்லை.
கன்ட்ரோல் ரூம் தகரக் கதவை
ஒரு செங்கல் பிடித்துக்கொண்டிருக்கிறது,
அதையும் ஆடிக்காற்று நகர்த்திப் பார்க்கிறது.
திரையில் மட்டும்
காற்றின் வேகம் பூஜ்யம்,
மின்சாரம் பூஜ்யம்.

சென்னையிலிருந்து போன்.
"அங்க காத்து இல்லையா மேடம்?"
பல்லில் மணல் நறநறக்க
"இருக்கு சார்" என்றேன்.

கேபிளைப் பிடுங்கிச் செருகினேன்.
பச்சை விளக்கு சிமிட்டியது,
கடன் வாங்கியவன் எதிர்ச்சாரியிலிருந்து
தலையாட்டிப் போவதுபோல.

கணக்கெழுதும் கம்ப்யூட்டருக்கு உடம்பு கிடையாது.
இரும்புப் பெட்டிக்குள் இல்லாத பெட்டி.
ரிப்போர்ட்டில் மெய்நிகர் என்று எழுதுவோம்,
வாயில் வி.எம். என்றுதான் வரும்.
தட்டிப் பார்க்க முடியாது. தூசி ஊதவும் இடமில்லை.
உள்ளே போய் அதையே அதைக் கூப்பிடச் சொன்னேன்:
நான்கு அழைப்பு, நான்கு பதில்.
தன்னோடு பேசுவதில் ஒரு குறையுமில்லை.
கேட்வேயைக் கூப்பிடச் சொன்னேன்.
பதில்.
காலாவதி.
காலாவதி.
பதில்.

முழுசாகச் செத்திருந்தால் எளிது.
விட்டுவிட்டு இழுக்கிற மூச்சுதான்
ராத்திரியைத் தின்னும்.

ஃபயர்வாலை அணைத்தேன்,
அணைத்ததற்குப் பயந்து உடனே போட்டேன்.
பிரிட்ஜை நாட் என்று மாற்றினால்
அது ஊரெல்லாம் போய்வந்தது,
காற்றாடிகளுக்குத்தான் அதன் வீடு தெரியவில்லை.
மறுபடி பிரிட்ஜ்.
மூன்றாம் ரீஸ்டார்ட்டில்
"சவமே, என்னதான் வேணும் ஒனக்கு" என்று
வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

மணி ஒன்றே முக்கால்.
ரேமிஜியுஸை எழுப்பினேன். கூத்தங்குழிக் கடல்
அவனுக்கு முன்னால் போனை எடுத்தது.
"நேத்து என்னத்தயும் தொட்டியால?"
"ஒண்ணும் தொடலக்கா. ஒரு காப்பிதான் எடுத்தேன்.
பத்திரத்துக்கு. ரெண்டாவது சர்வர்ல."
"எடுத்து?"
"ஓடுதான்னு ஆன் பண்ணிப் பாத்தேன்."
"ஆஃப் பண்ணினியா?"
கொஞ்ச நேரம் கடல் மட்டும் பேசியது.

சுவிட்சின் பட்டியலைத் திறந்தேன்.
பன்னிரண்டு எழுத்து மேக் முகவரி,
மூன்றாம் போர்ட்டில்.
புதுப்பித்தால் ஏழாம் போர்ட்டில்.
இன்னொருமுறை, மூன்றில்.
முகவரி மோதல் என்று ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.
வராது.
இரண்டும் ஒரே ஆள் என்று
ஊரே நம்பிவிட்ட பிறகு
யார் யாரோடு மோதுவது?

எனக்குத் தெரியும் இது.
களக்காட்டில் எங்கள் தெருவில் நாலு பேச்சித்தாய்,
அதில் இரண்டு பேருக்கு அப்பா பெயரும் ஒன்று.
இந்த வேலைக்கான கார்டு
மாவுமில் பேச்சி வீட்டு டி.வி.மேல்
பதினோரு நாள் கிடந்தது.
பிரித்துப் பார்த்திருக்கிறாள்.
டிப்ளமோ சான்றிதழோடு வரச் சொல்லியிருந்ததால்
கொண்டுவந்து தந்தாள்.
தரும்போது கவரை
இரண்டு நொடி கூடுதலாகப் பிடித்திருந்தாள்.

நகலை அணைக்கப் போனவள்
உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்தேன்.
நேற்று சாயங்காலம் ஐந்து நாற்பதிலிருந்து
எங்கள் திரைக்கு வராத காற்றில் பாதியை
அது எழுதி வைத்திருந்தது,
காற்றாடி வாரியாக, தசமப் புள்ளியோடு,
யாரும் கேட்காமல்.

அந்தக் கோப்பை எடுத்து மூலத்தில் சேர்த்தேன்.
பிறகுதான் அணைத்தேன்.

நான்கு அழைப்பு, நான்கு பதில்.
திரையில் காற்று பதினாலு புள்ளி இரண்டு.
அதே நேரம் வெளியே செங்கல் சரிந்து
கதவு படாரென்று அடித்தது.

சென்னைக்கு எழுதினேன்: சரியாகிவிட்டது.
காரணம் என்ற கட்டத்தில்: இரட்டை முகவரி.
ரேமிஜியுஸ் பெயரைப் போடவில்லை.

நகலை அழிக்கலாம் என்றுதான் இருந்தேன்.
புது முகவரி கொடுக்கும் பட்டனை அமுக்கினேன்,
பன்னிரண்டும் மாறின.
பெயர் என்ன வைக்க என்று கேட்டது.
மாவுமில் என்று அடித்தேன்.
காலையில் யாராவது கேட்பார்கள்.