குறிப்பு என்னும் கட்டம்

படிவத்தின் கடைசிக் கட்டத்துக்குக்
'குறிப்பு' என்று பெயர்.
ஒரு விரல் அகலம்.
சித்திரை வெயிலில்
களக்காட்டில் பதினோரு தெரு நடந்தேன்,
வீட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய் கூலி.

யாருக்கு ஆயிரம் தேவையில்லை என்பதை
எப்போதும்
பக்கத்து வீடுதான் சொன்னது.

"எப்சிபாய்க்குப் போட்டிராதிய,
கழுத்துல கெடக்கது கவரிங்னு நம்புதியளாக்கும்?"
"அந்தா, அந்த மஞ்ச வீடு,
மூத்தவன் பம்பாயில பலகாரக் கடைல நிக்கான்."
"செல்லக்கனி வீட்ல பிரிட்ஜ் இருக்குல்லா,
எட்டித்தான் பாருங்களேன்."

எட்டிப் பார்த்தேன்.
இருந்தது.
செல்லக்கனி கதவைத் திறந்து காட்டினாள்:
மடித்த சேலைகள் ஏழெட்டு,
மகளின் ஜாதகம்,
மஞ்சள் பையில் ரேஷன் கார்டு.
"ஓடாது. எலி வாராதுல்லா, அதான்" என்றாள்.
'உண்டு' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.
எலிக்குக் கட்டம் இல்லை.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்
மூவாயிரம் வாழை போட்ட நம்பிராஜன் அண்ணாச்சி
சுக்குக் காபியை ஆற்றியபடி சொன்னார்,
"ஓசிச் சோத்துக்குப் பழகிட்டாளுவ.
ஒருத்தியாவது களை வெட்ட வாராளா?
பஸ்ஸும் ஓசி, அரிசியும் ஓசி,
உடம்பு எப்படி வே வளையும்?"

கடை சிரித்தது.
வடையைத் திருப்பிப் போட்ட கையும் சிரித்தது.
நானும் கொஞ்சம்.

அண்ணாச்சியின் பம்புசெட்டுக்குக் கரண்டு பில் வராது.
போன வைகாசிக் காற்றில்
குலை தள்ளிய வாழையெல்லாம் நடுவில் முறிந்தபோது
தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில்
மூன்று நாள் நின்று வாங்கியதற்கு
அவர் வைத்திருக்கும் பெயர் நிவாரணம்.
சங்கத்துக் கடன் போனதற்குத் தள்ளுபடி.
தப்பில்லை.
வரப்பில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான்.
செருப்பு ஒன்று வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது,
எடுக்கத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரே கஜானாப் பணம்தான்.
நுழைகிற வாசலைப் பார்த்துப்
பெயரை மாற்றிக்கொள்கிறது.

பதினோராவது தெரு, கடைசி வீடு.
குடை நிழலில் என் முகம் தெரியவில்லை போல.
செம்பில் தண்ணீர் தந்தவள்
குரலைத் தணித்தாள்.
"கீழத்தெருவுல ஒருத்தி இருக்கா,
புருசன் போய்ச் சேந்துட்டான்.
பேக்க மாட்டிக்கிட்டு ஊர் ஊரா அலையுதா,
சம்பளமும் வாங்குதா.
அவளுக்கும் ஆயிரம் வருதாம்!
இதெல்லாம் யாரு கேக்கது?"

தண்ணீர் பாதித் தொண்டையில் நின்றது.
மாதம் பதினைந்தாம் தேதி
என் போன் ஒரு தடவை அதிரும்.
டீக்கடையில் இருந்தால்
எடுத்துப் பார்க்க மாட்டேன்.

"விசாரிக்கேன்" என்றேன்.
"என் பேர வெளிய சொல்லிராதிய" என்றாள்.
"இல்ல."
"எனக்கு எப்படியாவது போட்டிருங்க.
எனக்கு நெசமாவே தேவையாக்கும்."

நெசமாவே.
பதினோரு தெருவிலும் எல்லாரும்
தங்களுக்கு மட்டும் சேர்த்துக்கொண்ட சொல்.
எனக்காக நானும்
ஒருநாள் வரிசையில் நின்று
யாரிடமோ அதைச் சொல்லியிருக்கிறேன்.

ராத்திரி கரண்டு வந்த பிறகு
செல்லக்கனியின் படிவத்தை மட்டும் மறுபடி எடுத்து
அந்த ஒரு விரல் அகலத்தில்
நெருக்கி எழுதினேன்:
பிரிட்ஜ் ஓடவில்லை.
உள்ளே சேலைகள் மட்டும்.

மறுநாள் ஆபீசில் அதைப் படித்தவர்
கண்ணாடியைக் கழற்றினார்.
ஏதோ கேட்கப் போகிறார் என்று
ஒரு நிமிடம் நம்பிக்கொண்டு நின்றேன்.

"சேலைன்னா," என்றார்,
"பட்டாம்மா?"