கதவில்லாத கடை

இரவு ஒன்றேகாலுக்குக் கட்டுநாயக்காவில்
அந்தக் கடைக்குக் கதவே இல்லை என்பதைக் கண்டேன்.
பக்கத்தில் நீலக்கற்கள் விற்கிறார்கள்,
அதற்கடுத்து மரப்பெட்டிகளில் தேயிலை.
இங்கே மட்டும்
பசிக்கும் தலையிடிக்கும் மறதிக்கும் மருந்து.

பொக்கெட்டில் இரண்டாயிரத்து நூற்றெண்பது ரூபாய்.
கடல் தாண்டினால் வெறும் படம்:
ஒரு குருவி, ஒரு வண்ணத்துப்பூச்சி,
மேளம் அடிக்கும் ஆள்.
ஆகவே இங்கேயே செலவழிக்க வேண்டும்.

தண்ணிப் போத்தல் நானூற்றைம்பது.
அதே நீல மூடி, அதே தண்ணீர்.
வெள்ளவத்தையிலிருந்து நாற்பது கிலோமீற்றர் வந்ததற்குச்
சம்பளம் கேட்கிறது.
மாலுபாண் ஐந்நூற்றிருபது,
முக்கோணத்தின் ஒரு மூலை நசுங்கியிருந்தது.
பல்துலக்கி அறுநூற்றைம்பது.
வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறது என்னுடையது,
இந்நேரம் நன்றாகக் காய்ந்திருக்கும்.

நெஞ்சில் துலாஞ்சலி என்று பெயர் குத்திய பிள்ளையிடம்
பிளக் மாற்றி கேட்டேன்.
கொட்டாவியைப் பாதியில் விழுங்கி,
"எந்த நாட்டுச் சுவருக்கு, அண்ணே?" என்றாள்.
எங்கோ வகுப்பில் படித்த தமிழ்.
ஒவ்வொரு சொல்லையும்
மிச்சக் காசுபோல் எண்ணி வைத்தாள்.
சென்னைச் சுவர் என்றேன்.
கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.
"அமெரிக்கா இருக்கு. ஐரோப்பா இருக்கு.
பக்கத்து வீடுதான் இல்லை."

கடைசியாக ஒரு பேனை, முந்நூற்றுத் தொண்ணூறு.
பிளேனில் தாள் தருவார்கள், நிரப்ப வேண்டும்.
போன தடவை பேனையில்லாமல்
வரிசையின் வாலில் நின்றது ஞாபகம்.

அப்போதுதான் அந்த மஞ்சள் பைகள் வந்தன.
பதினொரு பெண்கள், எல்லோருக்கும் ஒரே பை, ஒரே ஏஜென்சி.
முன்னால் வந்தவள் ஒரு விசுக்கோத்துப் பக்கற்றைத் தூக்கி
விலையைப் பார்த்து
சூடுபட்டவள்போல் திருப்பி வைத்தாள்.
பிறகு என் கையைப் பார்த்தாள்.
"பேனைய ஒருக்காத் தருவீங்களா?"
தாள் முழுக்க இங்கிலீசு.
"நீங்களே எழுதித் தாங்க."

ஆறுமணிக் காப்பிக்குப் போட்ட உயர மேசையில்
தாளை விரித்தேன்.
பெயர்: நஸ்ரியா. ஊர்: கிண்ணியா.
பிறந்த திகதி?
"பாஸ்போட்டுல இருக்கிறதையா, உண்மையையா?"
பாஸ்போட்டில் இருந்ததை எழுதினேன்.
மற்றதைக் கேட்கவில்லை.
அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்?
இதற்குத்தான் அதிக நேரம் எடுத்தாள்.
"எங்கட போன்ல காசு இருக்காது.
முன்னுக்கு ரீலோட் கடை ஒண்டிருக்கு,
அந்த நம்பரப் போடுங்க.
அது எப்பவும் திறந்துதான் கிடக்கும்."
உறவுமுறை என்ற கட்டத்தில்
கடை என்று எழுதவா?
மாமா என்று எழுதினேன்.
அவள் எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள்,
வாசிக்கத் தெரிந்தவள்போல.

பேனை இரண்டாவது மஞ்சள் பைக்குப் போனது,
பிறகு மூன்றாவதற்கு.
ஒருத்திக்குத் தெரிந்த எழுத்து மற்றவளுக்கு உதவியது.
நான் மாலுபாணைத் தின்றேன்.
மீனைவிட உருளைக்கிழங்கு அதிகம், மிளகு நல்லது.

சென்னைக்குக் கடைசி அழைப்பு வந்தபோது
ஆறாவது பெண்ணின் பல்லிடுக்கில் மூடி,
விரல்களில் பேனை,
கண்ணை இடுக்கிக்கொண்டு தன் பெயரைத் தானே எழுதுகிறாள்.
ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மூச்சு.
எப்படித் திருப்பிக் கேட்பது?
ஓடினேன்.
நூற்றெழுபது ரூபாய் மிச்சம்,
ஒரு வண்ணத்துப்பூச்சியும் ஏழு குற்றிகளும்
தொடையில் தட்டிக்கொண்டே வந்தன.

முகில்களுக்கு மேலே
பணிப்பெண் வெள்ளைத் தாள் தந்து போனாள்.
என் பேனை இந்நேரம்
ரியாத்துக்கு வெளிக்கிட்டிருக்கும்.
பக்கத்துக் கதிரைக்காரரிடம் கேட்டேன்.
மனமில்லாமல் எடுத்து நீட்டினார்.
"ஏன், கீழே கடையில விக்கிறானே,
ஒண்டு வாங்கியிருக்கலாமே?"

"விலை கூட" என்றேன்.